கோர்ட் கலையும் வரை

கல்லருவி எஸ்டேட்டில் எது காணாமல் போனாலும் யார் எடுத்தார்கள் என்று தேடுகிற வழக்கம் கிடையாது. யார் எடுத்திருக்கவே மாட்டார்கள் என்றுதான் தேடுவார்கள். அப்படி ஒருவரைப் பிடித்து, லயன் வீடுகளுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தடியில் இருக்கும் மாரியம்மன் முன்னால் நிறுத்தி, "நாந்தான் தாயே, என்ற குத்தம்" என்று சொல்ல வைப்பார்கள். சூடம் கொளுத்துவார்கள். தேங்காய் உடைப்பார்கள். குத்தம் ஏத்துக்கிறது என்று இதற்குப் பெயர். தேங்காய் உடைந்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. நிஜமாக எடுத்தவன் மனசு கேட்காமல் பொருளைக் கொண்டுவந்து எங்காவது போட்டுவிடுவதும் உண்டு. மனசு கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுவதும் உண்டு. யாரையும் திருடன் என்று சொல்லாமல், மொத்த லயனும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து வாழ வேண்டுமென்றால் வேறு என்னதான் வழி என்று அவர்கள் கேட்பார்கள். சட்டப் புத்தகம் எழுதியவர்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் இல்லை.

குத்தம் ஏத்துக்கிறவருக்கு இதில் தலைகுனிவு இல்லை. 'இவன் கை வைக்கமாட்டான்' என்று ஊர் கூடிக் கொடுக்கிற நற்சாட்சி அது. நல்லமுத்து ஏற்கெனவே சில தடவை ஏற்றிருந்தார். ஒரு கவாத்துக் கத்திக்கு, ஒரு பித்தளைக் குண்டாவுக்கு, மேஸ்திரி அங்கப்பனின் டார்ச் லைட்டுக்கு. டார்ச் லைட் பிறகு மேஸ்திரியின் கட்டிலுக்கடியிலேயே கிடைத்தது. தேங்காய் உடைத்தாகிவிட்டதால் மேஸ்திரி அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஏற்காட்டு பஜாரில் எஸ்.டி.டி. பூத்துகளின் மஞ்சள் போர்டு முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. தை மாதம். காலையில் பக்கத்துக் காப்பிச் செடியில் பழம் பறிப்பவளின் முகம் தெரியாத அளவுக்குப் பனி. பழம் பறித்து, இயந்திரத்தில் தோல் உரித்து, தொட்டியில் ஊறவைத்துக் கழுவி, களத்தில் காயப்போட்டு, மூட்டை பிடித்து குடோனில் அடுக்கியிருந்தார்கள். ஒரு நாள் காலையில் கணக்கெழுதும் ரைட்டர் குடோனைத் திறந்து பார்த்தால், மூட்டைகள் குறைந்து அடுக்கில் ஒரு மூலை குழிந்திருந்தது.

அன்று சாயங்காலம் அங்கப்பன் நல்லமுத்துவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே நல்லமுத்துவின் மனைவி மாதம்மாள் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லமுத்து, இருக்கியா?"

"வாங்க மேஸ்திரி. உக்காருங்க. களி வெந்துருச்சு, கீரை கடைஞ்சிருக்குது."

"களி கெடக்குது. குடோன் விசயம் காதுல உழுந்துதா?"

"உழுந்துதுங்க."

"நீ ஏத்துக்கிட்டீன்னா நல்லாருக்கும்."

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஏனுங்க மேஸ்திரி, இந்த லயன்ல வேற ஆம்பளையே இல்லீங்களா? எதுக்கெடுத்தாலும் என்ற ஊட்டுக்காரருதானா?"

"கோவிச்சுக்காத மாதம்மா. வேற ஒருத்தனைச் சொன்னா அவனாத்தான் இருக்குமோன்னு நாலு பேரு யோசிப்பான். உன்ற ஊட்டுக்காரனைச் சொன்னா ஒருத்தனும் யோசிக்கமாட்டான்."

"அதுக்காக மூட்டைக் கணக்குக்கெல்லாமா? அது கத்தியுமில்ல, குண்டாவுமில்ல. கம்பெனிச் சரக்கு."

"அம்மனுக்கு எல்லாம் ஒண்ணுதான்," என்றார் அங்கப்பன்.

அம்மனுக்கு ஒன்றுதான். கம்பெனிக்கு அப்படியில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. பழைய முதலாளி குடும்பம் எஸ்டேட்டை விற்று, புது கம்பெனி புது மேனேஜரை அனுப்பி ஒரு பருவம்கூட முடியவில்லை. பழைய முதலாளிக்கு இந்த வழக்கம் தெரியும். தேங்காய் உடைத்த செய்தி போனால் 'சரி, போ' என்று விட்டுவிடுவார். புது மேனேஜர் நிர்வாகப் படிப்பு படித்தவர். மேஜைமேல் தன் பெயரைப் பலகையில் எழுதி, அது தனக்கு மறந்துவிடும் என்பதுபோலத் தன் பக்கம் பார்க்கவும் இன்னொன்று வைத்திருந்தார்.

நல்லமுத்து குளித்து, ஈர வேட்டியோடு மரத்தடியில் நின்றார். "நாந்தான் தாயே, என்ற குத்தம்." தேங்காய் நன்றாக உடைந்தது. எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் மேனேஜர் கேட்டபோது ரைட்டர் உள்ளதைச் சொன்னார். "நல்லமுத்துங்கிறவரு ஏத்துக்கிட்டாருங்க சார்."

"ஒத்துக்கிட்டானா?"

"ஆமாங்க சார், ஊரு முன்னாடி."

மேனேஜருக்குப் பெரிய திருப்தி. திருடனை இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்ததைப் பற்றி கம்பெனிக்கு ஃபோன் செய்தார். பிறகு போலீஸுக்கும் செய்தார்.

போலீஸ்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள். வீட்டில் பரணைப் பார்த்தார்கள், கட்டிலடி பார்த்தார்கள். அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கிய சாக்குப்பையில் காப்பி இருந்தது. அறுவடை முடிந்த காட்டில் செடிக்கடியில் உதிர்ந்து, பழத்தோடு காய்ந்து கறுத்துக் கிடப்பதைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்பது எஸ்டேட் தோன்றிய நாளிலிருந்து உள்ள வழக்கம். அந்த உதிரிப் பழம்தான் அது; லயனில் எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு பை தொங்கும். குடோனில் போனதோ தோல் உரித்துக் கழுவிய வெளிர் கொட்டை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைகூட வேறு வேறு என்று சொல்லும். யாரும் பக்கத்தில் வைக்கவில்லை. 'காப்பிக் கொட்டை, ஒரு பை' என்று எழுதிக்கொண்டார்கள்.

"நீ ஒத்துக்கிட்டியாமே?" என்று கேட்டார் ஏட்டு.

"ஆமாங்க."

"மீதி மூட்டை எங்க?"

"அது தெரியாதுங்க."

"எடுத்தவனுக்குத் தெரியாதா?"

"எடுத்தவனுக்குத் தெரியுமுங்க."

ஏட்டுக்கு இது நக்கலாகப் பட்டது. ஆனால் நல்லமுத்துவின் முகத்தில் நக்கலுக்கு உண்டான சாமான் எதுவும் இல்லாததால் ஓங்கிய கையை இறக்கிக்கொண்டு அவரை ஜீப்பில் ஏற்றினார். அங்கப்பன் பின்னாலேயே ஓடி, ஸ்டேஷனில் ஜாமீன் கையெழுத்துப் போட்டு, இருட்டுவதற்குள் கூட்டி வந்துவிட்டார்.

கேஸ் என்று வந்தால் மலையில் எல்லாரும் போகிற இடம் ஒன்று இருந்தது. ஏரிக்குப் போகிற ரோட்டில் டீக்கடை, அங்கே பாக்கியநாதன். ரிட்டயர் ஆன கோர்ட் டவாலி. தோளில் சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு கோர்ட் வாசலில் நின்று, பெயரை மூன்று தடவை கூப்பிடுகிற வேலை. வேலைக்காலம் முழுவதும் சட்டம் அவருக்குக் கதவுக்கு இந்தப் பக்கமாகத்தான் கேட்டது. கோடைகாலத்தில் உள்ளே மின்விசிறி சத்தம் போடும் என்பதால், அவருடைய சட்ட அறிவில் சித்திரை, வைகாசி மாதங்களில் நடந்த வழக்குகள் கிடையாது. ஆனாலும் பஜாரில் 'லாயர் பாக்கியநாதன்' என்றால்தான் தெரியும். காசு வாங்கமாட்டார். டீ வாங்குவார், மரியாதை வாங்குவார்.

நல்லமுத்துவும் மாதம்மாளும் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கண்ணை மூடிக் கேட்பது நீதிபதிகளிடம் அவர் கற்றுக்கொண்ட பழக்கம்.

"செக்‌ஷன் முந்நூத்தி எழுபத்தொம்பது," என்றார் கண்ணைத் திறந்து. "சிம்பிள் தெஃப்ட். பயப்படாதீங்க. இதுக்கு ஒரு லா பாயிண்ட் இருக்கு."

"சொல்லுங்க அய்யா," என்றாள் மாதம்மாள். "வக்கீல் வைக்கோணுமுங்களா?"

"வக்கீல் எதுக்கும்மா? வக்கீல் வெச்சா என்ன அர்த்தம்? தப்புப் பண்ணியிருக்கான், அதான் வக்கீல் வெச்சிருக்கான்னு அர்த்தம். நீதிபதி மனசுல அதுதான் முதல்ல விழும்."

"இவரு எடுக்கலீங்களே அய்யா. அதைச் சொல்ல ஒரு ஆளு வேண்டாமுங்களா?"

"எடுக்கலைன்னு சொன்னா கேஸ் நடக்கும். சாட்சி வரும், குறுக்கு விசாரணை வரும், வாய்தா வரும். வருசக் கணக்குல மலை இறங்கி ஏறணும். ஒத்துக்கிட்டா? முதல் குத்தம். வயசானவர். கோர்ட் கலையுற வரைக்கும் உக்காருன்னு சொல்லுவாங்க. சாயங்காலம் பஸ் ஏறி ஊட்டுக்கு வந்துடலாம். நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்! சிரிச்சுக்கிட்டே போவாங்க."

பார்த்தது உண்மைதான். சிரித்துக்கொண்டே போனவர்கள் அடுத்த வாரம் என்ன ஆனார்கள் என்று பார்க்கிற வேலை டவாலிக்கு இல்லை.

"அப்ப அங்கயும் ஏத்துக்கிட்டா முடிஞ்சுதுங்களா?" என்றார் நல்லமுத்து. அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தேங்காய் ஒன்றுதான் இல்லை, மற்றபடி எல்லாம் தெரிந்த விஷயம்தான்.

பங்குனியில் மழை பெய்து, அடுத்த வாரமே மலை முழுக்கக் காப்பி பூத்தது. பனி பெய்த மாதிரி வெள்ளை. மல்லிகை போல வாசம். அந்த வாரம்தான் ஊராட்சி மண்டபத்தில் சட்ட விழிப்புணர்வு முகாம் வைத்தார்கள். எஸ்டேட் லாரியிலேயே ஆட்களை ஏற்றி அனுப்பினார் மேனேஜர். நல்லமுத்து மாதம்மாளோடு முன்வரிசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மலைக்குக் கீழேயிருந்து ஒரு சட்டப் பெரியவர் வந்திருந்தார். பதாகையில் அவர் பெயருக்கு முன்னால் இருந்த பட்டங்களைப் படித்து முடிப்பதற்குள் அவருக்கு இரண்டு மாலை விழுந்துவிட்டது. அவர் பேசினார். சட்டம் என்பது ஏழையின் கவசம் என்றார். குற்றஞ்சாட்டப்பெற்றவன் குற்றமற்றவன் எனக் கொள்ளப்பெறுவதே குற்றவியல் நீதிமுறைமையின் குன்றாப் பெருமை என்றார். தன்னைத் தானே குற்றப்படுத்திக்கொள்ளுமாறு எவரும் வற்புறுத்தப்பெறலாகாது என அரசியலமைப்பு அருள்பாலிப்பதாகச் சொன்னார். எல்லாம் சரியான விஷயம்தான். ஒன்றுகூட மிச்சமில்லாமல் எல்லா உரிமைகளும் அன்று மலைக்கு வந்து, யாருக்கும் தெரியாமல் மலை இறங்கிப் போயின.

"என்னங்க சொல்றாரு?" என்று மாதம்மாள் கேட்டாள்.

"நம்மளை நல்லாத்தான் சொல்றாராட்டம் இருக்குது," என்றார் நல்லமுத்து.

கடைசியில் ஆரோக்கியசெல்வி என்ற இளம் வக்கீலுக்கு இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். மலைப் பெண்தான், அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் தோட்டக்காரர். அவள் மைக்கைப் பிடித்ததும் பின்னாலிருந்து தக்காளிச் சோற்றுப் பொட்டலம் வர ஆரம்பித்துவிட்டது.

"அண்ணா, அக்கா, ஒண்ணே ஒண்ணுதான் சொல்றேன். உங்க மேல கேஸ்னு வந்தா, வக்கீல்கிட்டப் பேசாம எதையும் ஒத்துக்காதீங்க. காசில்லைன்னா கோர்ட்டே வக்கீல் வெச்சுக் கொடுக்கும், கேளுங்க..."

"ஏப்பா, இந்த வரிசைக்கு வரலை!" என்று ஒருவர் கத்தினார். பொட்டலம் வந்தது. நன்றாக இருந்தது என்று பிற்பாடும் சொல்லிக்கொண்டார்கள்.

சம்மன் வந்தது. கோர்ட்டுக்கு முந்தின நாள் பொழுது சாயும்போது மாதம்மாள் மறுபடியும் ஆரம்பித்தாள். கொள்ளு ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, நீங்க எடுக்கலை. பையில இருந்தது உதிரிப் பழம். இதை அங்க போயிச் சொன்னா என்னங்க?"

"சொன்னா? நல்லமுத்து எடுக்கலை. அப்ப யாரு? அடுத்த ஊட்டுல பூந்து தேடுவாங்க. அங்கயும் பை தொங்கும். அதுக்கடுத்த ஊடு. லயன் பூரா போலீஸ் ஜீப்பு நிக்கும், புள்ளே."

"நின்னா நிக்கட்டும். எடுத்தவன் மாட்டட்டும்."

"அம்மன் முன்னாடி ஏத்துக்கிட்டு வந்து, வேற ஒரு எடத்துல போயி இல்லைன்னா? வாய் ரெண்டாயிருமல்ல."

"அம்மன் கேஸ் போடலீங்க. கம்பெனி போட்டிருக்குது."

"ஏன் இப்படிப் பேசறே? பாக்கியநாதனய்யா சட்டம் தெரிஞ்சவரு. அவரே சொல்லிட்டாரு, சாயங்காலம் ஊட்டுக்கு வந்தர்லாம்னு."

"அவரு கதவுக்கு வெளிய நின்னவருங்க."

"கதவு தொறந்துதான இருந்திருக்கும்," என்றார் நல்லமுத்து.

மாதம்மாள் ரசத்தை இறக்கி வைத்தாள். "எனக்கு என்னமோ இது சரியாப் படலீங்க," என்றாள். அதற்குச் சட்டத்தில் இடம் இல்லை.

காலை பஸ்ஸில் மலை இறங்கினார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் மாதம்மாளுக்கு வாந்தி வந்தது. பாக்கியநாதன் வெள்ளை வேட்டி சட்டையில் கூட வந்தார். கோர்ட் வாசலில் புது டவாலிக்கு வணக்கம் வைத்தார். புது டவாலி கண்டுகொள்ளவில்லை. தாழ்வாரச் சுவரில் இலவச சட்ட உதவி என்று பெரிய எழுத்தில் ஒரு போர்டு இருந்தது. மூவரும் அதன் கீழேதான் நின்றார்கள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். நல்லமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கூண்டில் கைகூப்பி நின்றார். நீதிபதி நடுவயதுப் பெண்மணி. அவசரப்படாதவர்.

"வக்கீல் இருக்காரா?"

"இல்லீங்க சாமி."

"சர்க்கார் செலவுல வக்கீல் வெச்சுத் தர்றோம். வேணுமா?"

வாசலிலிருந்து பாக்கியநாதன் தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டினார்.

"வேண்டாமுங்க."

"எஸ்டேட் குடோன்ல இருந்து காப்பி மூட்டை திருடினதா உங்க மேல கேஸ். ஒத்துக்கறீங்களா, இல்லையா? இல்லைன்னு சொல்றதுக்கும் உங்களுக்கு உரிமை இருக்கு. சொன்னா விசாரிப்போம்."

"ஏத்துக்கறேனுங்க."

"யாராவது மிரட்டி, ஆசை காட்டிச் சொல்லச் சொன்னாங்களா?"

"இல்லீங்க."

"என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியுமுங்க. நொம்ப வருசமாப் பழக்கமுங்க."

குமாஸ்தா தலையைத் தூக்கினார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "எது பழக்கம்?"

"ஏத்துக்கிறதுங்க."

நீதிபதி கேஸ் கட்டைப் புரட்டினார். பழைய கேஸ் எதுவும் உண்டா என்று போலீஸைக் கேட்டார். இல்லை என்றார்கள். இன்னும் ஒரு கேள்வி கேட்கலாமா என்பதுபோல அவர் வாய் திறந்தது. அதற்குள் அடுத்த கட்டு மேஜைக்கு வந்துவிட்டது. மின்விசிறியின் கீழே காத்திருந்தவர்கள் நிறையப் பேர்.

கோர்ட் கலையும் வரை தண்டனை, கொஞ்சம் அபராதம்.

சுவரோரத்து பெஞ்சில் நல்லமுத்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். மத்தியானம் ஒரு போலீஸ்காரர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மரத்தடியில் பாக்கியநாதன் ஒரு சின்னக் கூட்டத்துக்கு இந்த வழக்கின் லா பாயிண்ட்டை விளக்கிக்கொண்டிருந்தார். கோர்ட் கலைந்தது. வெளியே வந்து மூன்று பேரும் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டார்கள். கடித்ததும் பீட்ரூட்டும் காரச் சட்னியும் மோவாயில் வழிய, நல்லமுத்து நெடுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

"நாஞ் சொன்னனல்ல?" என்றார் பாக்கியநாதன்.

"நீங்க சாமி மாதிரிங்க," என்றார் நல்லமுத்து.

மாதம்மாளும் சிரித்தாள். அதை நினைத்துத்தான் அவள் பிற்பாடு ரொம்ப நாள் வருத்தப்பட்டாள். மற்ற எல்லாவற்றையும்விட, அந்த வண்டி முன்னால் நின்று தானும் சிரித்ததை.

அடுத்த வாரம் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கெட்டவர் இல்லை, உட்காரக்கூடச் சொன்னார். நல்லமுத்து உட்காரவில்லை.

"கம்பெனி நிலையாணைப்படி, எஸ்டேட் சொத்தைத் திருடி கோர்ட்ல தண்டனை ஆனவரை வேலையில வெச்சுக்க முடியாது. வீடு வேலையோட சேர்ந்தது. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க."

"அதான் ஏத்துக்கிட்டு முடிஞ்சுதுங்களே சார்?"

"ஆமா. முடிஞ்சுடுச்சு," என்றார் மேனேஜர். அவருக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை.

நல்லமுத்து பிறந்தது அந்த லயனில். அவர் அப்பன் சமவெளியில் பஞ்சம் வந்தபோது மலையேறி வந்து, அந்த வீட்டு வாசலுக்குப் படிக்கல் போட்டவர். மாதம்மாள் நேராகப் பஜாருக்குப் போய்ப் பாக்கியநாதன் முன்னால் நின்றாள். டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

"அய்யா, ஊடு போச்சுங்க. வேலை போச்சுங்க."

பாக்கியநாதன் கண்ணை மூடினார். இந்தத் தடவை திறக்கக் கொஞ்சம் நேரமானது. "அது சர்வீஸ் லாம்மா. நான் சொன்னது கிரிமினல் லா. ரெண்டும் வேற டிபார்ட்மெண்ட்."

"எந்த டிபார்ட்மெண்ட்டுல போயி நான் ஒல வைக்கட்டுங்க?"

அவர் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக, டவாலிக் குரல் இல்லாத ஒரு குரலில், "அந்தப் பொண்ணு ஆரோக்கியசெல்வியைப் போய்ப் பாருங்க," என்றார். "நான் அனுப்பினேன்னு சொல்லாதீங்க."

கோர்ட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை; நல்லமுத்துவும் மாதம்மாளும் போனார்கள். ஆரோக்கியசெல்வி எல்லாவற்றையும் கேட்டாள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டாள்.

"பையில இருந்தது கறுப்பா, வெள்ளையா?"

"கறுப்புங்க. பழத்தோட காய்ஞ்சது," என்றாள் மாதம்மாள்.

"குடோன்ல போனது?"

"கழுவுன கொட்டைங்க."

அவள் பேனாவை மேஜையில் போட்டாள். "இந்த ஒரு கேள்வியை ரைட்டர்கிட்டக் கேட்டிருந்தா போதுமே, அய்யா. வேற சாட்சியே வேண்டாமே."

"போலீஸ்கிட்டயே ஒத்துக்கிட்டாருங்களே," என்றாள் மாதம்மாள்.

"போலீஸ்கிட்டச் சொன்னதை வெச்சுத் தண்டிக்க முடியாதும்மா. அம்மன் கோயில்ல சொன்னதையும், அது என்ன வழக்கம்னு மேஸ்திரியைக் கூண்டுல ஏத்திக் கேட்டிருப்பேன். நீதிபதி முன்னாடி வாய் திறக்கிற நிமிசம் வரைக்கும் எல்லாத்தையும் காப்பாத்தியிருக்கலாம். சரி, ஒத்துக்கிட்டே ஆகணும்னாலும், முதல் தடவைங்கிறதால எச்சரிச்சு நன்னடத்தையில விடுங்கன்னு ஒரு மனு கொடுத்திருக்கலாம். அப்படி விட்டிருந்தா வேலைக்காகச் சண்டை போட எனக்கு ஒரு பிடி இருந்திருக்கும்."

"இப்ப அப்பீல் போட்டா?"

"ஒத்துக்கிட்டவங்களுக்கு அப்பீல் இல்லைங்கம்மா. தண்டனை ஜாஸ்தின்னு வேணா சொல்லலாம். இவருக்குக் கொடுத்தது ஒரு பகல். அதைவிடக் கம்மியாக் கொடுங்கன்னு என்னன்னு கேக்கறது?"

மாதம்மாள் அபராதம் கட்டிய ரசீதை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"மெட்ராஸ் ஹைகோர்ட்ல மனுப் போட்டுப் பாக்கலாம். புரியாம ஒத்துக்கிட்டாருன்னு. ஆனா அந்த ஜட்ஜம்மா நாலு விதமாக் கேட்டு, இவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்காங்க. நம்பிக்கை கொடுத்து ஏமாத்தமாட்டேன். போடறேன், காசு வேண்டாம். நடந்தா பாக்கலாம்."

எழுந்து கைகூப்பியபோது நல்லமுத்து கேட்டார். "கண்ணு, நீ அன்னைக்கு மண்டபத்துல மைக்குல பேசுனது இதைத்தானா?"

"ஆமாங்க அய்யா."

"சுத்தியும் ஒரே சத்தமா இருந்துச்சு, சாமி. காதுல உழுகலை."

மழை பிடித்த பிறகு காலி செய்தார்கள். வாடகை ஜீப்பில் சாமான் ஏற்ற லயனே வந்தது. சட்டி பானையைப் பெண்கள் கைமாற்றிக் கொடுத்தார்கள். அங்கப்பன் நனைந்துகொண்டே ஒதுங்கி நின்றார்.

"என்னாலதான், நல்லமுத்து."

"உடுங்க மேஸ்திரி. தேங்கா ஒடைச்சாச்சு."

அந்தக் கூட்டத்தில் மூட்டை எடுத்தவனும் ஒரு பானையைத் தூக்கிக் கொடுத்திருக்கலாம். யாரும் யார் முகத்தையும் உற்றுப் பார்க்கவில்லை. வழக்கம்.

வெள்ளக்கடை கிராமத்தில் சின்னையன் என்ற சிறு விவசாயியின் காட்டில் கூலி வேலை கிடைத்தது; மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு அறையும். மனு மெட்ராஸில் கிடந்தது. தகவல் வந்தால் சொல்கிறேன் என்று ஆரோக்கியசெல்வி சொல்லியிருந்தாள். மாதம்மாள் மிளகு பறித்தாள், மாட்டுக்குப் புல் அறுத்தாள். நல்லமுத்து கவாத்து வெட்டினார். கல்லருவிப் பக்கம் போகிற பஸ் வந்தால் இருவரும் ரோட்டுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

அடுத்த மாசியில் சின்னையனின் களத்தில் காய்ந்த மிளகு ஒரு சிப்பம் காணாமல் போனது. வெள்ளக்கடைக் கூலிக்காரர்களும் பழைய லயன் ஜனம்தான். வழக்கம் கூடவே வந்திருந்தது. சாயங்காலம் அங்கிருந்த சின்னக் கோயில் முன்னால் கூடினார்கள். வயதில் மூத்த பெரியண்ணன் கேட்டார்.

"யாருப்பா ஏத்துக்கறது?"

நல்லமுத்து எழுந்தார். யோசித்து எழவில்லை. தும்மல் வருகிற மாதிரி, கால் தானாக எழுந்தது.

பெரியண்ணன் தரையைப் பார்த்தார்.

"நீ உக்காரு, நல்லமுத்து."

"ஏனுங்கண்ணா?"

"நீ ஏத்துக்கிட்டா அது நெசமாப் போயிரும்ப்பா."

யாரோ செருமினார்கள். பெரியண்ணன் கொஞ்ச வயசுக்காரனான காளியப்பனைக் கை காட்டினார். அவன் முகம் மலர்ந்து எழுந்தான். நல்லமுத்து உட்காரவில்லை.

"நான் எடுக்கலீங்க," என்றார்.

"உன்னை ஆரும் கேக்கலியே, சாமி. மொளகை நீ எடுத்தீன்னு ஆரு சொன்னா?"

"மொளகு இல்லீங்கண்ணா. கல்லருவி மூட்டை. நான் எடுக்கலீங்க. உதிரிப் பழந்தானுங்க பையில இருந்தது."

"அது ஆச்சு, போச்சு. அதை எதுக்கு இங்க?" பெரியண்ணன் காளியப்பனைப் பார்த்து, சீக்கிரம் ஆகட்டும் என்று கண் காட்டினார். சூடம் பற்றிக்கொண்டது.

பெண்கள் பக்கத்திலிருந்து மாதம்மாள் எழுந்து வந்தாள். ஆண்கள் நடுவில் நடந்து வந்து புருசனின் பக்கத்தில் நின்றாள். கையில் இன்னும் மிளகுக் கறை இருந்தது.

"இன்னொருக்காச் சொல்லுங்க," என்றாள். "சத்தமாச் சொல்லுங்க."

நல்லமுத்து தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "நான் எடுக்கலீங்க," என்றார், கோயிலுக்கு அப்பால் ரோட்டில் போகிறவனுக்கும் கேட்கும்படி.

அதற்குள் தேங்காய் உடைத்துவிட்டார்கள். எல்லாரும் எழுந்து துண்டை உதறிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தார்கள்.